அப்பாவின் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு

கண்ணு,

கல்யாணப் பத்திரிகைக் கட்டு நேற்று மதிய பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பிரித்து, நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, ஒன்றை அப்பா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். அதெல்லாம் சரி. நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. போன வாரம் போனை வைக்கப் போகிற சமயத்தில் நீ ஒன்று சொன்னாய். "கல்யாணம் முடிஞ்சு அவளையும் கூட்டிக்கிட்டு ஓசூருக்குப் போகையில அப்பா போனை நான் எடுத்துக்கறேன்மா. அதுல அவரு செஸ் நம்பர் இருக்குது. அப்பப்ப அதைப் பாத்துக்கிட்டாப் போதும் எனக்கு" என்றாய். நான் "செரி சாமி" என்றேன். அடுப்பில் ஒன்றுமே இல்லாதபோது "அடுப்புல கிழங்கு தீயுது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அந்த நம்பர் இப்போது அதில் இல்லை. நான் தொலைத்துவிட்டேன். பாதி படித்துவிட்டு எனக்குப் போன் போட்டுக் கத்தாதே. முழுக்கப் படித்துவிட்டுக் கத்து.

உனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே வருகிறேன். கொரோனாவில் கம்பெனியை மூடியபோது நீ நாலு மாதம் இங்கே வந்து இருந்தாய். பொழுது போகாமல் அப்பாவுக்குப் போனில் செஸ் ஆடக் கற்றுக்கொடுத்தாய். நீ திரும்பிப் போன பிறகும் தினம் சாயங்காலம் நீ அங்கே, அவர் இங்கே, ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று ஓர் ஆட்டம். மீதி நேரமெல்லாம் அவர் ஊர் பேர் தெரியாதவர்களோடு ஆடிக்கொண்டிருந்தது உனக்கு அவ்வளவாகத் தெரியாது. நம் காட்டில் டவர் கிடைப்பது இரண்டே இடம். பலாமரத்தடியில் சுமாராக, மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரத்து உச்சியில் நன்றாக. மிளகு பறிக்க மூங்கில் ஏணி வைத்து ஏறுவார், ஒரே கொடியில் ஒரு மணி நேரம் நிற்பார். கீழே சாக்கோடு நிற்கிற நான், கொடி அவ்வளவு காய்த்திருக்கிறது போல என்று சந்தோஷப்படுவேன். இறங்கி வந்தால் மடியில் இரண்டு கைப்பிடி மிளகு இருக்கும். "என்னங்க இது?" என்று கேட்டால், "குதிரையைத் தூக்கிப்போட்டான் புள்ள" என்பார். ஒரு நாள் வந்த ஆத்திரத்தில் ஏணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கூப்பிடட்டும் பார்க்கலாம் என்று இருந்தேன். கூப்பிடவே இல்லை. சோறாக்கி முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் கிளையில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தார். ஏணி இல்லாததே அந்த மனுஷருக்குத் தெரியவில்லை.

ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும் என்று ஒரு நம்பர் உண்டல்லவா, அது ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் இருந்தபோதுதான் அவர் போனார். போன வருஷம் ஐப்பசியில், விடியும்போது நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினோம். அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. எழுதினால் இது வேறு கடிதமாகிவிடும். கருமாதி அன்று நீ அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாய். "நிலம் தாத்தன் குடுத்தது, ஊடு கவருமெண்டு குடுத்தது. இந்த நம்பர் ஒண்ணுதான் அவராச் சம்பாரிச்சது. இதை ஆரும் தொடக் கூடாதும்மா" என்றாய். உன் போனில் இருந்த செஸ்ஸை அங்கேயே அழித்தாய். அதற்கப்புறம் நீ ஒரு ஆட்டமும் ஆடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நானும் தொடவில்லை. தினம் சார்ஜ் மட்டும் போட்டேன். அது அணைந்து கிடந்தால் மனசுக்கு என்னவோ போல இருக்கும். கார்த்திகையில் ஒரு நாள் பலாமரத்தடியில் உட்கார்ந்து முந்தானையால் அதைத் துடைத்தேன். துடைத்த துடைப்பில் எதையோ அமுக்கிவிட்டேன், ஆட்டம் தொடங்கிவிட்டது. எதிரே எந்த நாட்டுக்காரனோ ஒருத்தன், பேருக்குப் பக்கத்தில் அவன் நாட்டுக் கொடி. கடிகாரம் ஓடுகிறது. உன் அப்பாவைப் பார்த்துப் பார்த்து எது எப்படி நடக்கும் என்பது மட்டும் தெரியும். வந்த ஆளை வாசலில் நிறுத்திவிட்டு நாம் கொல்லைப்பக்கம் போய்விட்டால் நன்றாகவா இருக்கும்? சரி, ஒரு மரியாதைக்கு ஆடுவோம் என்று ஒரு சிப்பாயை நகர்த்தினேன். அவனும் நகர்த்தினான். நடுவில் அவன் ராஜாவும் யானையும் ஒரே நேரத்தில் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார்கள். அப்படி ஒரு விதி இருப்பது தெரியாமல், கள்ளாட்டம் ஆடுகிறான் என்று போனைப் பார்த்து வைதேன். அதற்குள் என் ராஜாவை முடித்துவிட்டான். பார்த்தால் ஆயிரத்து நானூற்று நாலு. அப்பாவின் எட்டைக் கீழே போட்டுவிட்டேன்.

அப்போதே போனை மூடிவைத்து உனக்குச் சொல்லியிருந்தால் எட்டோடு போயிருக்கும். எட்டை எடுத்து வைத்துவிட்டு மூடலாம் என்று இன்னொரு ஆட்டம் ஆடினேன். பதினாறு போயிற்று. பதினாறை எடுக்கப் போய் முப்பது. தோற்ற கையோடு 'புது ஆட்டம்' என்று ஒரு பொத்தான் காட்டுகிறான் பார், அதைக் கண்டுபிடித்தவன் நன்றாகவே இருக்க மாட்டான். கிழங்கு வேகிற நேரத்தில் நாலு ஆட்டம், மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு மூன்று ஆட்டம். எல்லாம் வேக வேகமாக, எல்லாம் தோல்வி. மலையிலிருந்து பஸ் இறங்குகிற மாதிரி வளைவுக்கு வளைவு இறங்கினேன். தை பிறந்தபோது ஐநூற்று அறுபதில் வந்து நின்றேன். அதற்குக் கீழே போகவில்லை, ஏனென்றால் அங்கே எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. நீ போனில் "அப்பா போன் பத்திரமா இருக்குதாம்மா?" என்று கேட்பாய். "தெனம் சார்ஜ் போடறேன் கண்ணு" என்பேன். பொய் சொன்னேன் என்று நீ சொல்ல முடியாது.

மாசியில் எஸ்தர் சிஸ்டர் வந்தாள். நம் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்த நர்ஸ், நாகர்கோவில் பக்கத்துப் பெண். வீடு வீடாக வந்து பிரஷர் பார்ப்பாள். என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு முகம் மாறினாள்.

"எக்கா, இவ்வளவு ஏறியிருக்கே. உப்பு ஜாஸ்தி போடுதியளா?"

"இல்லீங் சிஸ்டர்."

"பின்னே? மனசுல ஏதாவது வச்சிருக்கியளா?"

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். எண்ணூற்று ஐம்பத்திரண்டைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லி அழுதேன். அவள் ரூபாய் என்று நினைத்துக்கொண்டு, "ஐயோ, எங்க வச்சு விழுந்துச்சு?" என்றாள். போனைக் காட்டினேன். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். எனக்கு வந்த கோபத்தில் பட்டையை அவிழ்த்து அவள் பையிலேயே போட்டேன்.

"கோவப்படாதீங்கக்கா. நான் ஸ்கூலுக்காக ஜில்லா வரைக்கும் ஆடினவளாக்கும். ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டம் ஆடுதிய?"

"முப்பது இருக்குமுங்க."

"தோத்த ஆட்டத்துல எத்தனையைத் திருப்பிப் பாத்திய?"

"தோத்ததை எதுக்குங்க பாக்கோணும்? வயிறு எரியறதுக்கா?"

மாத்திரைச் சீட்டையே எடுத்து அதன் பின்பக்கம் எழுதினாள். காலையில் கஞ்சி குடித்த பிறகு புதிர் ஐந்து, கடிகாரம் பார்க்காமல். மதியம் ஒரே ஒரு ஆட்டம், நிதானமான ஆட்டம். சாயங்காலம் அந்த ஆட்டத்தைத் திருப்பிப் போட்டு எங்கே கோட்டை விட்டேன் என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷ ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மட்டும், மூன்றுக்கு மேல் கூடாது. "வேகமா ஆடுததை வேகமா ஆடிப் படிக்க முடியாதுக்கா" என்றாள். அது எனக்கு உடனே விளங்கியது. மிளகு பறிக்க வந்த புதுசில் என் கை ஓடாது. எது பழுத்த சரம், எது பிஞ்சு என்று நின்று நின்று பார்ப்பேன். கண்ணுக்குப் பழகிய பிறகு கை தானாக ஓடியது. ஓடு ஓடு என்று கையை விரட்டியிருந்தால் பிஞ்சைத்தான் பறித்திருப்பேன்.

ஒரு வாரத்துக்கு ஒரே பாடம் என்றாள். முதல் வாரம் முழுக்க, குதிரை ஓரிடத்தில் நின்று இரண்டு பேரை உதைப்பது. அது தலைக்குள் ஏறிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. உன் அத்தை வீட்டுக்குப் போனால் அவளும் மருமகளும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மிக்குப் பக்கத்தில் ஒரு குதிரை நின்றால் இரண்டு பேரும் போச்சு என்று எனக்குத் தோன்றியது. சிரித்துவிட்டேன். "என்ன அண்ணி?" என்றாள். "ஒண்ணுமில்ல, நீ தப்பிச்சுக்க முடியாது" என்றேன். அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

புதிரெல்லாம் சரியாகப் போட்டேன். ஆனால் ஆட்டத்தில் உட்கார்ந்தால் பழையபடி ராணியைத் தூக்கி அவன் வாயில் கொடுத்தேன். என் காரியத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், எதிரே இருப்பவனுக்கும் ஒரு காரியம் உண்டு என்பது மறந்துபோகும். சித்திரையில் மிளகைக் கடையில் போட்டுவிட்டு வரச் சேந்தமங்கலம் போனேன். பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டு. அவர் ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்து, ஒரு நொடி பொறுத்து, அப்புறம்தான் வண்டியைத் திருப்பினார். எழுபது வளைவிலும் அப்படியே. காது வலித்தது.

"ஏனுங்க, எதுக்கால ஒரு வண்டியும் வரலியே, எதுக்கு இந்த அடி அடிக்கறீங்க?"

"வந்துட்ட பொறகு அடிச்சு என்னத்துக்குங்கக்கா?" என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அன்றிலிருந்து நான் ஒரு காயை நகர்த்துவதற்கு முன்னால் வாயால் "பாம்" என்று சொல்வேன். சொல்கிற அந்த நேரத்துக்குள் எதிராளி என்ன செய்யக்கூடும் என்று பார்த்துவிடுவேன். முதலில் ஒரு பாமுக்கு அரை நிமிஷம் ஆனது. போகப் போக ஒரு நொடியில் முடிந்தது. பலாமரத்தடியில் உட்கார்ந்து, "பாம்... பாம்... ஐயோ பாம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை உன் அத்தை வேலியோரம் நின்று பார்த்திருக்கிறாள். மறுநாள் பூசாரியிடம் விபூதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அண்ணி, நெசத்தைச் சொல்லு. அண்ணன் உன்ற மேல வந்து எறங்கியிருக்குதா?"

"உங்கண்ணன் வந்தா பாம்னா சொல்லுவாரு? 'சோறு ஆச்சா'ன்னுதான் கேப்பாரு."

"பின்ன எதுக்கு பஸ்ஸு மாதிரி கத்தறே?"

விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதுக்குப் பேய் புடிச்சதே தேவலாம்" என்றாள். விபூதியைப் பூசாமலும் போகவில்லை.

இதைப் படிக்கும்போது உனக்குச் சிரிப்பு வரும், வரட்டும். ஆனால் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன் நீ, ஒன்று கேட்டுக்கொள். நானும் உன் அப்பாவும் முப்பது வருஷம் சண்டை போட்டோம். ஒரு சண்டையையாவது சாயங்காலம் உட்கார்ந்து திருப்பிப் பார்த்ததில்லை. தோற்ற கையோடு புது ஆட்டம், அவ்வளவுதான். நான் பேசுவேன், அவர் ஏணியில் ஏறிவிடுவார். அவருக்கு என்ன ஆகிறது என்று நான் ஒரு நொடி பொறுத்துப் பார்த்ததில்லை. மேல்மூச்சு வாங்குகிறது என்று ஆவணியிலேயே ஒரு தரம் சொன்னார். "ஏணியிலயே குடியிருந்தா வாங்காம என்ன பண்ணும்" என்றேன். அவர் இருந்த கடைசிச் சாயங்காலம் நான் சொன்னது, "அந்தப் போனைக் கொண்டுபோய்க் கிணத்துல போடுங்க" என்பதுதான். "இரு புள்ள, இன்னும் நாப்பது செகண்டுதான்" என்றார். அந்த ஆட்டத்தையும் போனில் தேடிப் பார்த்தேன் கண்ணு. ஜெயித்திருக்கிறார். ஜெயித்ததை என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. உன் பெண்டாட்டி வாயைத் திறந்தால் அவள் சொல்லி முடிக்கிறவரை பொறு. பதில் பிறகு சொல்லலாம்.

இப்போது நம்பர் ஆயிரத்து நூற்று எண்பத்தாறில் இருக்கிறது. பத்து மாதத்தில் நானே ஏற்றியது. ஆடியில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தபோதுகூடப் புதிரை விடவில்லை, எல்லாம் தப்பாகப் போட்டாலும் போட்டேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டுக்கு இன்னும் இருநூற்று இருபத்தாறு வேண்டும். கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம்தான் இருக்கிறது. நீ போனைக் கேட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆட்டமும் தோற்றேன். எஸ்தர் சிஸ்டரிடம் சொன்னேன்.

"நான் ஆடி ஏத்தித் தாரேன்க்கா. ஒரு வாரம் போனைக் கொடுங்க. ஆயிரத்து நானூத்துப் பன்னெண்டுல கொண்டு நிறுத்திட்டுத் தந்துருதேன். ஒங்க மகனுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதுதான். போனை அவள் கையில் கொடுத்தும்விட்டேன். அவள் வாசல் தாண்டுவதற்குள் ஓடிப்போய்த் திரும்ப வாங்கிக்கொண்டேன். மிளகில் பப்பாளி விதையைக் கலக்கிறவனை உன் அப்பா எப்படி வைவார் என்று உனக்குத் தெரியும். நான் அதையே அவர் பேரிலேயே செய்துவிட, நீ ஓசூரில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்துக் கண் கலங்குவாயா? சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்பம் உண்மையைச் சொல்லிடுங்க. பிரஷராவது எறங்கும்" என்றாள்.

சொல்லிவிட்டேன். இனி உனக்கு வருகிற கோபம் உன்னுடையது. நியாயமான கோபம்தான், நான் எதிர்த்துப் பேசப் போவதில்லை. ஆனால் போனைக் கொடுக்க எனக்கு மனசில்லை, சாமி. அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் உனக்குப் பயந்து ஆடினேன். பிறகு ஆட்டத்துக்காகவே ஆடத் தொடங்கிவிட்டேன். காலையில் எழுந்தால் போய் உட்கார ஒரு வேலை இருக்கிறது. அது இல்லாத நாளில் இந்த வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. நீ கேட்ட நம்பர் அதில் இல்லை, நான் ஏற்றிய நம்பர்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் நீ என்ன செய்வாய்? ஆனாலும் அது உன் அப்பாவின் போன். உனக்கும் பாத்தியம் உண்டு. அதனால் இப்படி வைத்துக்கொள்வோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு உன் போனில் செஸ்ஸைத் திரும்பப் போடு. இத்தனை நாள் தொடாமல் இருந்துவிட்டாய், கஷ்டமாகத்தான் இருக்கும். போட்டதும் கொஞ்ச நேரத்தில், உன்னை ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார் என்று உன் அப்பா பேர் வரும். பயந்துவிடாதே. நான்தான். அழுகை வந்தால் அழுதுவிட்டு அமுக்கு, நான் பலாமரத்தடியில் காத்திருப்பேன். ஆளுக்கு ஐந்து நிமிஷம், வெள்ளைக் காய் உனக்கு. நீ ஜெயித்தால் கல்யாணத்தன்று போனைத் துடைத்து உன் கையில் கொடுக்கிறேன். நான் ஜெயித்தால் அது இங்கேயே இருக்கும்.

ஒரு விஷயம் மறைக்கக் கூடாது. நீயும் அப்பாவும் ஆடிய ஆட்டம் அத்தனையும் அந்தப் போனில் கிடக்கிறது. சாயங்காலப் பாடத்துக்கு நான் அவற்றைத்தான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். நாலாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறாய். மந்திரி ஒருவர் வீட்டிலேயே உட்கார்ந்து சாகிறார். ஒரு நிமிஷத்துக்குக் கீழே போனால் உனக்குக் கை பதறுகிறது. எல்லாம் எனக்குத் தெரியும். அம்மாதானே, பாவம், ஒத்தையில் கிடக்கிறாள் என்று வேண்டுமென்றே தோற்கலாம் என்று உனக்குத் தோன்றும். வேண்டாம் கண்ணு. நிஜமாக ஆடு. அப்பாவிடம் நீ விட்டுக்கொடுத்தது மூன்று ஆட்டம். எந்த மூன்று என்று நான் இங்கே உட்கார்ந்தே சொல்வேன்.

அம்மா